பயணச்சீட்டு இலவசம், பேருந்து எங்கே?

கர்நாடகத்தில் பெண்கள் அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்ய வழிவகுத்த 'சக்தி' திட்டம் 2023 ஜூன் 11 அன்று நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூலை 14 அன்று, இத்திட்டத்தின்கீழ் மேற்கொள்ளப்பட்ட பயணங்கள் 500 கோடியை எட்டிவிட்டன என்று மாநில அரசு விழா எடுத்தது. முதலமைச்சர் சித்தராமையா தம் கையாலேயே அந்தச் சீட்டை வழங்கினார். விழா எடுத்ததில் பிழை காண வேண்டியதில்லை. ஆனால் அரசின் கணக்கில் ஏறுவது வழங்கப்பட்ட சீட்டு மட்டுமே. பேருந்து வராத காரணத்தால் சாலையோரத்தில் காத்திருந்து வீடு திரும்பிய பெண் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கிராமப்புற உழைக்கும் மக்களிடையே பணியாற்றும் நம் தோழர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி அப்பெண்ணைப் பற்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இத்திட்டத்தை நாம் ஆதரிக்கிறோம். அதைப் பறிக்க முனைவோரை எதிர்ப்போம். திட்டம் தொடங்கிய முதல் சில வாரங்களில் தர்மஸ்தலம் முதலிய ஊர்களுக்குச் சென்ற பேருந்துகளில் பெண்கள் முண்டியடித்து ஏறும் காட்சிகளைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. 'வேலையற்ற பெண்கள் ஊர்சுற்றுகிறார்கள்' என்னும் பரிகாசம் அந்தக் காட்சிகளின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் ஒருமுறையேனும் தன் விருப்பப்படி, கணவனிடமோ மகனிடமோ கைநீட்டாமல், ஓர் ஊருக்குப் போய்வர ஒரு பெண் எண்ணுவதில் என்ன குற்றம்? 2019 செப்டம்பரில் பெருநிறுவன வரியை ஒன்றிய அரசு 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தது. அப்போது 'இலவசம்' என்ற சொல்லை இதே தொலைக்காட்சிகளில் எவரும் உச்சரிக்கவில்லை.

மொழிபெயர்ப்புப் பணியில் காலம் கழிப்பவன் என்பதால், அச்சொல்லைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. கட்டணம் இல்லாததைக் கன்னடத்தில் 'உசித' என்பார்கள். அதே வடசொல் தமிழில் 'உசிதம்' என வழங்கும்போது தக்கது, பொருத்தமானது என்று பொருள்படும். 'உசித பிரயாண' என்று கன்னடச் சுற்றறிக்கையில் வரும் இடங்களில் 'இலவசப் பயணம்' என்றே எழுதிவிடுகிறேன். ஆயினும் தமிழ்ப் பொருளில் அதை வாசித்தால் அரசியல் இன்னும் சரியாக இருக்கும் என்று தோன்றாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய திட்டத்துக்கு 'கட்டணமில்லாப் பயணம்' என்று பெயரிட்டவர் எவரோ, அவர் சொல்லின் எடை அறிந்தவர்.

இவ்விரு திட்டங்களுக்கும் இடையே உள்ள ஒரு வேறுபாடு பெங்களூருவில் வாழும் தமிழ் உழைப்பாளிகளை நேரடியாகத் தாக்குகிறது. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டுமே சலுகை உண்டு. ஆனால் ஏறும் பெண் எந்த மாநிலத்தவள் என்று எவரும் கேட்பதில்லை. கர்நாடகத்தில் வெளியூர் செல்லும் விரைவுப் பேருந்துகளிலும் சலுகை உண்டு. ஆனால் கர்நாடக முகவரியுடைய அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்து, இங்கே கட்டடங்களில் செங்கல் சுமக்கும் பெண்ணின் ஆதார் அட்டையில் சொந்த ஊரின் முகவரி இருக்கிறது. வாடகைக் குடிசைக்கு எந்த மேஸ்திரி முகவரிச் சான்று வாங்கித் தருவான்? பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா ஆகிய மாநிலங்களின் பெண்களுக்கும் இதே நிலைதான். 2025 ஜனவரி 5 முதல் கட்டணம் 15 விழுக்காடு உயர்த்தப்பட்டபோது அந்தச் சுமையில் ஒரு பகுதி, சலுகைக்கு வெளியே நிறுத்தப்பட்ட இப்பெண்களின் தலையில் இறங்கியது. மாநிலத்தின் செல்வத்தைத் தம் உழைப்பால் பெருக்குகிறவர்களை 'வெளியார்' என்று தள்ளும் இந்த நிபந்தனை நீக்கப்பட வேண்டும்.

இனிக் கிராமத்துக்கு வருவோம்.

நகரத்தில் ஒரு நடை ரத்தானால் பயணிக்குப் பத்து நிமிடமோ இருபது நிமிடமோ இழப்பு. ஒரு நாளைக்குக் காலை ஒன்று, மாலை ஒன்று என இரண்டே நடைகள் உள்ள சிற்றூரில் ஒரு நடை ரத்தானால் அந்த நாளே போய்விடுகிறது. கூலிக்குச் செல்பவருக்கு அன்றைய கூலி இல்லை. அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவு மூடும் நேரத்தில்தான் கிழவி அங்கே போய்ச் சேருவாள். சந்தைக்குக் கட்டிய கீரைக்கட்டு வாடிவிடும். வட்டத் தலைநகரில் பி.யூ. கல்லூரியில் படிக்கும் மாணவி முதல் இரண்டு வகுப்புகளை இழப்பாள்; மாலையில் கடைசிப் பேருந்து வராமற்போன ஒரே ஓர் இரவு போதும், அவள் படிப்பை நிறுத்தும் முடிவை வீட்டார் எடுப்பதற்கு. இவ்வளவும் தெரிந்திருந்தும், டிப்போவில் ஒரு வண்டி பழுதானாலோ ஓட்டுநர் ஒருவர் குறைந்தாலோ முதலில் ரத்தாவது அந்தச் சிற்றூரின் நடைதான். நகர நிறுத்தத்தில் நூறு பேர் கூச்சலிடுவார்கள். கிராமத்து அரசமரத்தடியில் நிற்கும் பன்னிரண்டு பேரின் குரல் டிப்போ மேலாளரின் காதுக்கு எட்டாது. நிர்வாகத்தில் எவரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. ஒவ்வொரு நடையையும் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு வருவாய் என்ற அளவுகோலால் அளந்தாலே போதும், இது தானாக நிகழும்.

சீட்டு இலவசமான பின் பெண்கள் பெருந்திரளாகப் பயணம் செய்யத் தொடங்கினார்கள். பேருந்துகளும் ஊழியர்களும் அந்த அளவுக்குப் பெருகவில்லை. விளைவு நாம் அறிந்ததே: முந்தைய ஊரிலேயே நிரம்பிவிட்ட வண்டி அடுத்த நிறுத்தங்களில் நிற்காமல் போகிறது, பள்ளி, கல்லூரி மாணவர்கள் சாலை மறியலில் அமர்கிறார்கள், பாஸ் வாங்கிய மாணவன் தனக்கு இடமில்லாததற்குப் பெண்களைக் குறை சொல்கிறான், பெண்கள் நடத்துநரை ஏசுகிறார்கள், நடத்துநர் இருவரையும் ஏசுகிறார். இருக்கைகள் போதாமையால் எழுந்த சச்சரவு ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான சச்சரவாக உருமாறுகிறது. ஆளுவோருக்கு இதில் சிறு வருத்தமும் இருக்க இயலாது.

பேருந்தே இல்லாத இடத்தில் சலுகையின் நிலை என்ன என்பதற்குக் கடலோர மாவட்டங்கள் சான்று. உடுப்பியிலும் தட்சிண கன்னடத்திலும் உள்ளூர்ப் போக்குவரத்து நெடுங்காலமாகத் தனியார் கையில் உள்ளது. தனியார் பேருந்தில் 'சக்தி' செல்லாது. ஆகவே மைசூரு வட்டாரத்துப் பெண் பெற்ற சலுகையின் பயனை உடுப்பிக் கிராமத்துப் பெண் அதே அளவில் பெறவில்லை. எங்கே பேருந்துத் தடங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டனவோ அங்கேதான் கட்டணச் சலுகை உயிர்பெற முடிந்தது. 1950களிலும் 60களிலும் தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் எழுப்பிய நாட்டுடைமைக் கோரிக்கையின் பயனை இன்று காங்கிரஸ் அரசு தன் தேர்தல் வாக்குறுதியின் வெற்றியாகக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், வரலாற்றை நம் தோழர்கள் மறக்காதிருந்தால் சரி.

தமிழ்நாட்டிலும் இதே பாடம் வேறு வடிவில் உள்ளது. பெரிய பேருந்து செல்லாத சிற்றூர்களுக்கென 1997இல் மினி பேருந்துத் திட்டம் கொண்டுவரப்பட்டது. அந்த வண்டிகள் தனியாருடையவை. 2025இல் தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை நீட்டிக்கப்பட்டுப் புதிய அனுமதிகள் வழங்கப்பட்டன. ஊருக்குள் வண்டி வருவது நன்மையே. ஆனால் கட்டணமில்லாப் பயணம் அரசு நகரப் பேருந்துக்கு மட்டுமே உரியது. நகரத்துப் பெண் சீட்டின்றிப் பயணம் செய்கிறாள். அவளைவிட ஏழையான சிற்றூர்ப் பெண் மினி பேருந்தில் காசு கொடுக்கிறாள். தனியார் முதலாளி ஆள் ஏறும் நேரத்தில் மட்டும் வண்டியை இயக்கி, மதியமும் இரவும் நிறுத்திவிட்டால் கேட்பார் யார்?

கிராமத்துக்கு அரசுப் பேருந்தே வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குக் கட்டணத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. ஊரின் டெம்போவும் மேக்சி கேப்பும் பெரும்பாலும் நிலம் உடைய ஆதிக்கச் சாதியாரின் உடைமை. யார் முன்னால் உட்கார்வது, யார் பின்னால் தொங்குவது, எந்தத் தெருமுனையில் நிறுத்துவது என்பதை அந்த உடைமையே தீர்மானிக்கிறது. தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை வைத்த ஊரிலும் அரசுப் பேருந்தில் இரட்டை இருக்கை வைக்க எவராலும் இயலவில்லை. சீட்டு வாங்கியவர் காலியான இடத்தில் உட்காரலாம். இந்தச் சிறிய சமத்துவம் சாதி வெறியர்களை எவ்வளவு உறுத்தியது என்பதற்குத் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டே சாட்சி. தென்மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த வீரர் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியார் கிளம்பினர், கலவரம் மூண்டது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. பெயர் போயிற்று; இருக்கை எஞ்சியது. அந்த இருக்கை ஊரை விட்டே போய்விடாமல் காப்பது சாதி ஒழிப்பில் அக்கறை கொண்ட எவருக்கும் உரிய வேலை.

'நட்டம்' என்ற வாதத்தைச் சட்டத்திலிருந்தே எதிர்கொள்ளலாம். 1950ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டத்தை நம் தோழர்கள் பலர் படித்திருக்கமாட்டார்கள், படிக்கத் தக்கது. அதன் 18ஆம் பிரிவு, திறமையான, போதுமான, சிக்கனமான, முறையாக ஒருங்கிணைந்த பேருந்துச் சேவையை மாநிலத்தில் வழங்குவது கழகத்தின் பொதுக்கடமை என்கிறது. 22ஆம் பிரிவு, கழகம் வணிக நெறிகளின்படி செயல்பட வேண்டும் என்கிறது. ஒரே சட்டத்துக்குள் இரண்டு வர்க்கங்களின் குரல்கள் நான்கு பிரிவு இடைவெளியில் அமர்ந்திருக்கின்றன. விடுதலை பெற்ற முதல் ஆண்டுகளின் அரசியல் சமநிலை அது. தாராளமயக் காலத்தில் 22 மட்டும் உரத்து வாசிக்கப்பட்டது. 18இல் உள்ள 'போதுமான' என்ற சொல் மௌனமாக்கப்பட்டது. ஒரு காலத்தில் இக்கழகங்களின் மூலதனத்துக்கு ஒன்றிய அரசும் தன் பங்கை அளித்துவந்தது, அதுவும் நின்றுபோயிற்று. ஆகவே இனி நம் மனுக்களில் 'கருணை கூர்ந்து' என்று எழுதத் தேவையில்லை. 18ஆம் பிரிவின்படி என்று எழுதலாம்.

நட்டம் பேசும் அரசுகள் தனியாரிடம் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதையும் பாருங்கள். ஒன்றிய அரசின் 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்தின்கீழ் 14,028 மின்பேருந்துகளுக்கு மானியம் ஒதுக்கப்பட்டுள்ளது. அவை யாவும் 40 இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஒன்பது பெருநகரங்களுக்கு உரியவை. பெங்களூருவின் பங்கு மட்டும் 4,500. இப்பேருந்துகளைத் தனியார் நிறுவனம் வாங்கி, தன் ஓட்டுநரைக் கொண்டு இயக்கும். மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒப்பந்தப்படி பணம் தரும். வண்டியில் எழுபது பேர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் தொகை ஒன்றே. ஆள் ஏறுகிறார்களா என்பது பற்றிய கவலை முதலாளிக்கு இல்லை. அந்தக் கவலை முழுவதையும் பொதுத்துறை சுமக்கும். தனியாருக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று உறுதி அளிக்க முடியுமானால், மாலூர் வட்டத்தின் ஒரு சிற்றூருக்கு நாளைக்கு நான்கு நடை ஓட்டும் அரசுக் கழகத்துக்கும் அதே உறுதியை அளிக்க முடியாதா? கிராம நடைக்குக் கிலோமீட்டர் அடிப்படையில் அரசு நிதி என்பது நாம் முன்வைக்கத் தக்க, எளிதில் விளங்கும் கோரிக்கை. எதிர்த்தரப்பின் ஒப்பந்தத்திலிருந்தே எடுக்கப்பட்டது என்பது அதன் கூடுதல் சிறப்பு.

அண்டை மாநிலமான கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2022 ஜூலையில் 'கிராமவண்டி' என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. வண்டியும் ஊழியர்களின் ஊதியமும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. எரிபொருள் செலவை உள்ளாட்சி அமைப்பு ஏற்கும். எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் என்பதில் ஊராட்சிக்குச் சொல் உண்டு. 1996 முதல் மக்கள் திட்டத்தின் வழியே நிதியும் அதிகாரமும் பெற்று வளர்ந்த ஊராட்சிகளால் இது இயலும். கர்நாடகத்தில் ஓர் ஏழைக் கிராம ஊராட்சியின் மீது டீசல் செலவைச் சுமத்தினால் அந்த வண்டி மூன்றாம் மாதம் நின்றுவிடும். எனவே அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. நேரத்தைத் தீர்மானிப்பதில் ஊருக்குப் பங்கு என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு வர வேண்டிய வண்டி 9 மணிக்கு வருவதால் யாருக்கு என்ன இழப்பு என்பது ஊருக்குத்தான் தெரியும்.

பேருந்தை ஓட்டுபவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. இந்த மாநிலத்தில் அரசுப் பேருந்து ஒரு கழகமாகப் பிறக்கவில்லை. 1948 செப்டம்பர் 12 அன்று 120 பேருந்துகளுடன் மைசூர் அரசு சாலைப் போக்குவரத்துத் துறை தொடங்கியபோது அது ஓர் அரசுத் துறை. 1961 ஆகஸ்ட் 1 அன்றுதான் கழகமாக மாற்றப்பட்டது. பின்னர் அது நான்காகப் பிரிந்தது. 2020 டிசம்பரிலும், 2021 ஏப்ரல் 7 முதல் இரண்டு வாரங்களும் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தங்களை அரசு ஊழியர்களுக்கு இணையாக நடத்துமாறும் ஆறாம் ஊதியக்குழு ஊதியத்தை வழங்குமாறும் கேட்டபோது, 'நடக்காத காரியம்' என்று அன்றைய பாஜக அரசு கைவிரித்தது. அவர்கள் கேட்டது 1961க்கு முன் இருந்த நிலையை! ஆயிரக்கணக்கானோர் பணிநீக்கமும் இடைநீக்கமும் இடமாற்றமும் பெற்றனர். ஆட்சி மாறியது. 38 மாத ஊதிய உயர்வு நிலுவையைக் கேட்டு 2025 ஆகஸ்ட் 5 அன்று அவர்கள் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உயர்நீதிமன்றத் தடையால் அது நிறுத்தப்பட்டது.

500 கோடி பயணங்களையும் சுமந்தவர்கள் இவர்களே. இலவசச் சீட்டுக்கு ஈடாக அரசு தர வேண்டிய தொகை முழுமையாகவும் உரிய காலத்திலும் வருவதில்லை என்று அவர்களுடைய சங்கங்கள் சொல்லி வருகின்றன. தொகை வராவிட்டால் உதிரிப்பாகம் வாங்குவது தள்ளிப்போகும், ஊழியரைச் சேர்ப்பது தள்ளிப்போகும். பிறகு எந்த நடை முதலில் ரத்தாகும் என்பதை மேலே பார்த்தோம். கடைசி ஊரில் இரவு தங்கும் வண்டியின் ஓட்டுநரும் நடத்துநரும் பல இடங்களில் இருக்கையிலேயே படுத்துறங்கி விடியற்காலையில் வண்டி எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் அறையும் கழிப்பறையும் ஊராட்சிக் கட்டடத்தில் ஒதுக்கித் தருமாறு கேட்பதை நம் கிளைகள் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம். செலவு மிகக் குறைவு. ஓட்டுநர் ஊரின் விருந்தாளியாகும்போது, ஊரின் கோரிக்கையும் ஓட்டுநரின் கோரிக்கையும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். வேலைநிறுத்த நாளில் 'எங்கள் பேருந்தை நிறுத்திவிட்டார்கள்' என்று ஊர் கொதிப்பதற்குப் பதிலாக ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றும் வாய்ப்பும் உண்டாகும்.

கோலார், பெங்களூரு ஊரகம், ஆனேக்கல் பகுதிகளில் மாதர், மாணவர், விவசாயத் தொழிலாளர் அமைப்புகளில் பணிபுரியும் தோழர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. பொதுவான கண்டன முழக்கத்தோடு டிப்போ வாசலுக்குச் செல்வதற்கு முன், ஒரு மாதம் எந்த நாளில் எந்த நடை வரவில்லை, எத்தனை நிமிடம் தாமதம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கச் செய்யுங்கள். கல்லூரி செல்லும் மாணவிகளே இதற்குத் தக்கவர்கள். நாள்தோறும் நிறுத்தத்தில் நிற்பவர்கள் அவர்கள். மறுபுறம், ரத்தான கிலோமீட்டர் எவ்வளவு என்ற பதிவு ஒவ்வொரு டிப்போவிலும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதைத் தடவாரியாகக் கேட்டுப் பெற்று, மாணவிகளின் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, இரண்டையும் கிராமசபையின் முன் வையுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்; வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் பெயரில் அளித்தால் அதுவும் வேண்டியதில்லை. கர்நாடக விதிகளின்படி ஒரு விண்ணப்பம் ஒரே பொருளைப் பற்றியதாக, 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். எனவே எல்லா டிப்போக்களையும் ஒரே தாளில் அடைக்காமல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, கன்னடத்தில் எழுதுங்கள்.